வேறு ஏர்லைனுக்கு மாற்றிவிட்டால் யார் பொறுப்பு?

விமானம் ரத்தாகிவிட்டது. வரிசையில் நின்று கவுன்டரை அடைந்தால், அங்கே இருப்பவர் கணினியைப் பார்த்தபடியே, "உங்களை வேற ஏர்லைன்ல போட்டிருக்கோம் சார். காலையில 6 மணி ஃப்ளைட். அவங்க கவுன்டர்ல போய்க் கேளுங்க" என்கிறார். இடம் கிடைத்ததே பெரிது என்று நன்றி சொல்லிவிட்டு நகர்கிறோம். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. புதிய ஏர்லைனின் கவுன்டரில், "பேர் இருக்கு, டிக்கெட் இல்லையே" என்கிறார்கள். பெட்டி 23 கிலோ இருக்கிறது. இங்கே 15 கிலோதான் என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய ஜன்னல் சீட் போன இடம் தெரியவில்லை. கேட்டால் பழைய ஏர்லைன், "இனிமே அவங்க பொறுப்பு" என்கிறது. புதிய ஏர்லைன், "டிக்கெட் கொடுத்தது அவங்கதானே" என்கிறது.

இந்த இடத்தில் தடுமாறாமல் இருக்க ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். வேறு ஏர்லைனில் ஏற்றி அனுப்புவது யாரும் நமக்குச் செய்யும் சலுகை அல்ல. நம்மிடம் பணம் வாங்கி, இந்த நாளில் இந்த ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று ஒப்புக்கொண்ட நிறுவனம், தன் விமானம் போகாததால் இன்னொருவரின் விமானத்தை வைத்து அந்த வேலையை முடிக்கிறது, அவ்வளவுதான். ரத்துக்கான இழப்பீடும், காத்திருக்கும் நேரத்துச் சாப்பாடும் தங்கும் இடமும் முதல் நிறுவனத்தின் கணக்கிலேயே நிற்கும். புதிய விமானத்தில் ஏறிய பிறகு நேர்வதற்கு மட்டுமே புதிய நிறுவனம் பதில் சொல்ல வேண்டும், அதிலும் சில விஷயங்களில் இருவரையுமே கேட்கலாம். எது யார் கணக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏர்லைன்கள் இதை ஏன் தாமாக முன்வந்து செய்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களை இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றினால், அந்த நிறுவனத்துக்கு இவர்கள் பணம் கொடுத்தாக வேண்டும். தங்களுடைய அடுத்த விமானத்தில் காலியாக இருக்கும் சீட்டில் உட்கார வைத்தால் செலவே இல்லை. அதனால்தான் "நாளை மறுநாள் எங்க ஃப்ளைட்லயே இடம் இருக்கு" என்பது முதல் பதிலாக வருகிறது. தவிர, ஒருவர் டிக்கெட்டை மற்றவர் ஏற்றுக்கொள்ள இரு நிறுவனங்களுக்கும் இடையே இன்டர்லைன் ஒப்பந்தம் இருக்க வேண்டும். பெரிய சர்வதேச ஏர்லைன்கள் பலவற்றிடம் இது உண்டு. மலிவுக் கட்டண ஏர்லைன்கள் பலவற்றிடம் இல்லை. அமெரிக்காவில் 1978-இல் விமானத் துறையின் கட்டுப்பாடுகள் நீக்கப்படுவதற்கு முன், இப்படி வேறு ஏர்லைனுக்கு மாற்றிவிடும் கடமை 'விதி 240' என்ற பெயரில் கட்டண விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. கட்டுப்பாடு போனதும் அந்தக் கடமையும் மெல்ல மெல்லக் கரைந்து, ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பமாக மாறிவிட்டது.

ரீஃபண்டா, மாற்று விமானமா?

கவுன்டரில் வாய் திறப்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். விமானம் ரத்தானால் உலகின் பெரும்பாலான விதிகள் பயணிக்கு இரண்டு வழிகள் தருகின்றன: பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம், அல்லது மாற்று விமானம் கேட்கலாம். தேர்வு பயணியுடையது, ஏர்லைனுடையது அல்ல. பணத்தை வாங்கிவிட்டால் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை அத்தோடு முடிந்தது. அதன்பின் நீங்களே வாங்கும் டிக்கெட் மூன்று மடங்கு விலையானாலும் அது உங்கள் பாடு. செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தியில் ரீஃபண்ட் பொத்தானைப் பெரிதாகக் காட்டி, மாற்று விமானம் கேட்கும் வழியை உள்ளே தள்ளி வைத்திருப்பார்கள். பதற்றத்தில் அந்தப் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். போய்ச் சேர வேண்டியது அவசியம் என்றால், "ரீஃபண்ட் வேண்டாம், மாற்று விமானம் வேண்டும்" என்று சொல்லுங்கள். முடிந்தால் மின்னஞ்சலிலும் எழுதிவையுங்கள்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தியா முழுக்கத் தெரிந்தது. விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளைச் சமாளிக்க முடியாமல் இண்டிகோ சில நாட்களில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களை ஏற்றிச்செல்லும் நிறுவனம் அது. மற்ற ஏர்லைன்களில் கட்டணம் எகிறியது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு வைக்க நேர்ந்தது. ரீஃபண்ட் வாங்கியவர்கள் அந்த விலைக்குத்தான் வேறு டிக்கெட் வாங்கினார்கள். விலை வித்தியாசம் அவர்கள் தலையில் விழுந்தது. ரத்து செய்த நிறுவனம்தான் பிற ஏர்லைனில் இடம் வாங்கித் தர வேண்டும் என்று தெளிவான விதி இருந்திருந்தால், அந்த வித்தியாசம் விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கும்.

இந்திய விதி என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்கான விதியை வகுப்பது டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்து, பிறகு பலமுறை திருத்தப்பட்ட விதி இது. ரத்து பற்றி இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால், மாற்று விமானமோ ரீஃபண்டோ, பயணி ஏற்பதைத் தர வேண்டும். இரண்டு வாரத்துக்கும் குறைவாக, ஆனால் 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால், பழைய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானம் அல்லது ரீஃபண்ட். உரிய நேரத்தில் சொல்லவே இல்லையென்றால், ரீஃபண்டோடு இழப்பீடும் உண்டு. பயண நேரம் 1 மணி வரை உள்ள விமானத்துக்கு 5,000 ரூபாய், 2 மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. இவையெல்லாம் உச்சத் தொகைகள். ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும்.

விமானம் போகிறது, ஆனால் இருப்பதைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டதால் உங்களை ஏற்ற மறுக்கிறார்கள் என்றால் கணக்கு வேறு. முதலில், தாமாக விட்டுக்கொடுக்க முன்வருபவர்களைத் தேட வேண்டும். கிடைக்காமல் உங்களை இறக்கிவிட்டு, பழைய நேரத்திலிருந்து 1 மணி நேரத்துக்குள் வேறு விமானத்தில் அனுப்பினால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத் தொகையைப் போல் இரு மடங்கு, உச்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, உச்சம் 20,000 ரூபாய்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 'மாற்று விமானம்' என்று விதி சொல்கிறதே தவிர, சொந்த விமானத்தில் இடமில்லாவிட்டால் பிற ஏர்லைனில் வாங்கித்தான் தர வேண்டும் என்று விரித்துச் சொல்வதில்லை. உள்நாட்டில் மலிவுக் கட்டண ஏர்லைன்கள் தங்கள் அடுத்த விமானத்தோடு நிறுத்திக்கொள்வதற்கு இதுவே இடம் கொடுக்கிறது. ஆனாலும் கேட்காமல் இருக்கக் கூடாது. ஒரே குழுமத்தைச் சேர்ந்த ஏர்லைன்களுக்கு இடையிலும், ஒப்பந்தம் உள்ள ஏர்லைன்களுக்கு இடையிலும் மாற்றித் தருவது நடக்கிறது. "எண்டார்ஸ் பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டால் கவுன்டரில் இருப்பவருக்குப் புரியும். எந்த விமானத்தில் இடம் இருக்கிறது என்று முன்கூட்டியே செல்போனில் பார்த்து வைத்துக்கொண்டு, எண்ணைச் சொல்லிக் கேட்டால் பலன் கூடுதல். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அவர் உங்களுக்காகத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஓட்டலும் போக்குவரத்தும் தர வேண்டும் என்பதும் இதே விதியில் இருக்கிறது. சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல இந்த நேரத்தில்தான் கிளம்புகின்றன என்பதால், இதை நினைவில் வைத்திருங்கள்.

ஐரோப்பாவில் வலுவான விதி

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261-ஆம் எண் ஒழுங்குமுறை 2005 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்தின் எந்த விமான நிலையத்திலிருந்து கிளம்பினாலும், எந்த நாட்டு ஏர்லைனாக இருந்தாலும் இது பொருந்தும். வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும்போது ஐரோப்பிய ஏர்லைன்களுக்கு மட்டும் பொருந்தும். ரத்து என்றால் 'ஒப்பிடத்தக்க நிலையில், கூடிய விரைவில்' இறுதி ஊர் வரை கொண்டுசேர்க்க வேண்டும். இழப்பீடு தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. 14 நாட்களுக்கு முன்பே சொல்லிவிட்டால் இழப்பீடு இல்லை. 7 நாளுக்கும் குறைவான அவகாசத்தில் சொன்னாலும், மாற்று விமானம் பழைய நேரத்துக்கு 1 மணி நேரத்துக்கு மேல் முந்தாமல் கிளம்பி, 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் அப்போதும் இல்லை. பனிப்புயல், வான்வெளி மூடல் போன்ற அசாதாரணச் சூழ்நிலைகளில் இழப்பீடு கிடையாது. ஆனால் சாப்பாடும் தங்கும் இடமும் மாற்று விமானமும் உண்டு. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது எழுந்த வழக்கில், 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

வேறு ஏர்லைனுக்கு மாற்றுவது பற்றி இந்த நீதிமன்றம் தந்த மூன்று தீர்ப்புகள் தனியாகச் சொல்லத்தக்கவை.

2020 ஜூனில் போர்ச்சுகலின் டாப் ஏர்லைன் தொடர்பான வழக்கில், மறுநாள் வரும் தன் சொந்த விமானத்தில் ஏற்றிவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று ஏர்லைன் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். நேரடியாகவோ சுற்றியோ முன்னதாகப் போகும் எந்த ஏர்லைனிலும் இடமில்லை என்றால்தான் அந்த வாதம் எடுபடும். அல்லது அப்படி ஏற்பாடு செய்வது அந்த நிறுவனத்தின் சக்திக்கு மீறிய சுமையாக இருந்தது என்று காட்ட வேண்டும்.

2019 ஜூலையில் வந்தது செக் ஏர்லைன்ஸ் வழக்கு. பிராகாவிலிருந்து அபுதாபி வழியாக பாங்காக் போக 11 பேர் ஒரே முன்பதிவில் டிக்கெட் வாங்கினார்கள். பிராகா முதல் அபுதாபி வரை செக் ஏர்லைன்ஸ் நேரத்தோடு கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து எதிஹாட் இயக்கிய விமானம் 8 மணி நேரத்துக்கும் மேல் தாமதம். தாமதம் எங்களுடையது அல்ல என்றது செக் ஏர்லைன்ஸ். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரே முன்பதிவு ஒரே பயணம். முதல் கட்டத்தை இயக்கியவர் இரண்டாமவரைக் காட்டி ஒதுங்க முடியாது. பயணிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு இன்னொரு நிறுவனத்திடம் தனியாக வசூலித்துக்கொள்ளலாம் என்றது. எனக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு தோன்றவில்லை. இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கைத் தீர்த்துவைக்கும் வேலை பயணியுடையது அல்ல.

மூன்றாவது 2020 மார்ச் மாதத்து ஃபின்ஏர் வழக்கு. ஹெல்சின்கியிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானம் ரத்தாகி, பயணிகளை மறுநாள் சீனாவின் சோங்சிங் வழியாக அனுப்பினார்கள். அந்த விமானமும் பழுதாகித் தாமதமானது. ரத்துக்கு 600 யூரோ கொடுத்த ஏர்லைன், இரண்டாம் முறை தர மறுத்தது. தர வேண்டும் என்றது தீர்ப்பு. இங்கே இரண்டு விமானங்களும் ஒரே ஏர்லைனுடையவை. மாற்று விமானம் வேறு நிறுவனத்துடையதாக இருந்திருந்தால், ரத்துக்கான தொகையை முதல் நிறுவனத்திடமும், இரண்டாவது தாமதத்துக்கானதை அந்த விமானத்தை இயக்கியவரிடமும் கேட்க வேண்டியிருக்கும். ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏர்லைனே மாற்றிவிட்ட பயணியும் இந்த ஒழுங்குமுறைக்குள் வருவார் என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகும் இதே விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. நெடுந்தூரத்துக்கு உச்சத் தொகை 520 பவுண்ட். லண்டனிலிருந்து கொழும்பு போகும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் விமானத்துக்கு இது பொருந்தும். அதே விமானம் கொழும்பிலிருந்து லண்டன் வரும்போது பொருந்தாது. போகும்போது ஒரு சட்டம், வரும்போது ஒரு சட்டம்.

சென்னை – ஃபிராங்க்ஃபர்ட் – டொரன்டோ

பேரக்குழந்தையைப் பார்க்க சென்னையிலிருந்து டொரன்டோ போகும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஏர்லைன், ஃபிராங்க்ஃபர்ட்டில் மாறும் விமானம், ஒரே டிக்கெட். சென்னையிலேயே விமானம் ரத்தானால் 600 யூரோ கிடைக்கும் என்று பலரும் நினைப்பார்கள். கிடைக்காது. ஐரோப்பாவுக்கு வெளியே தொடங்கி ஐரோப்பாவுக்கு வெளியே முடியும் ஒரே முன்பதிவுப் பயணம், இடையில் ஐரோப்பாவில் இறங்கினாலும் அந்த ஒழுங்குமுறைக்குள் வராது என்று 2022 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. மால்டோவாவின் கிஷினாவிலிருந்து வியன்னா வழியாக பாங்காக் போன பயணி பற்றிய வழக்கு அது.

ஆனால் அந்த அம்மாவுக்குக் கனடா சட்டம் இருக்கிறது. 2019-இல் வந்த கனடாவின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதி, கனடாவுக்கு வரும், போகும், உள்ளே பறக்கும் எல்லா விமானங்களுக்கும் பொருந்தும். வேறு ஏர்லைனில் ஏற்றுவது பற்றி நான் பார்த்தவற்றில் இவ்வளவு தெளிவாக எழுதிய விதி வேறில்லை. காரணம் ஏர்லைனின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தால், பெரிய ஏர்லைன் முதலில் தன்னுடைய அல்லது தன் கூட்டாளிகளின் விமானத்தில், பழைய நேரத்திலிருந்து 9 மணி நேரத்துக்குள் இடம் தர வேண்டும். முடியாவிட்டால் போட்டி நிறுவனமாக இருந்தாலும் அதில் இடம் வாங்கித் தர வேண்டும், 48 மணி நேரத்துக்குள். அதுவும் முடியாவிட்டால் அருகிலுள்ள வேறு விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து அனுப்ப வேண்டும். காரணம் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தாலும், 48 மணி நேரத்துக்குள் சொந்த வழியில் முடியாவிட்டால், ரீஃபண்ட் அல்லது பிற ஏர்லைன் என்று பயணி தேர்ந்தெடுக்கலாம். பெரிய ஏர்லைனுக்குத் தாமத இழப்பீடு 400, 700, 1,000 கனடிய டாலர் என்று நேரத்தைப் பொறுத்து ஏறும். காரணம் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தாலோ, பாதுகாப்புக்காக ரத்து செய்ய நேர்ந்தாலோ இந்த இழப்பீடு கிடையாது. எது எப்படியானாலும் கோரிக்கையை ஓராண்டுக்குள் எழுத வேண்டும்.

அமெரிக்கா இதில் பின்தங்கியே இருக்கிறது. 2024-இல் வந்த விதிப்படி, ரத்தானாலோ, உள்நாட்டில் 3 மணி நேரம், சர்வதேசப் பயணத்தில் 6 மணி நேரம் மாறினாலோ, மாற்று ஏற்பாட்டை ஏற்காதவருக்குப் பணம் தானாகத் திரும்ப வேண்டும். கிரெடிட் கார்டுக்கு 7 வேலை நாட்களுக்குள். வேறு ஏர்லைனில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் இல்லை. பெரிய நிறுவனங்கள் பல அப்படிச் செய்வதாகப் போக்குவரத்துத் துறையிடம் எழுதிக் கொடுத்திருக்கின்றன, சில கொடுக்கவில்லை. மலேசியாவில் 5 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ரீஃபண்ட் கேட்கலாம் என்று 2024 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டது.

கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்

பி.என்.ஆர். வேறு, டிக்கெட் வேறு. ஆறு எழுத்து பி.என்.ஆர். என்பது இடம் ஒதுக்கியதற்கான குறிப்பு மட்டும். பயணம் செய்யும் உரிமை 13 இலக்க இ-டிக்கெட் எண்ணில் இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வெளியிட்ட ஏர்லைனைக் காட்டும்: 098 என்றால் ஏர் இந்தியா, 176 எமிரேட்ஸ், 603 ஸ்ரீலங்கன், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். வேறு ஏர்லைனுக்கு மாற்றும்போது உங்கள் டிக்கெட்டைப் புதிதாக வெளியிட்டு, அதைப் புதிய ஏர்லைன் தன் கணினியில் பார்க்கும்படி செய்ய வேண்டும். அவசரத்தில் இடத்தை மட்டும் பிடித்துக் கொடுத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். "பேர் இருக்கு, டிக்கெட் இல்லை" என்பது இப்படித்தான் வருகிறது. அதனால் புதிய பி.என்.ஆர்., புதிய டிக்கெட் எண் இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதிய ஏர்லைனின் செயலியில் போட்டுப் பாருங்கள். பிறகு நகருங்கள்.

திரும்பி வரும் டிக்கெட்டையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். மறுவெளியீடு சரியாக நடக்காவிட்டால், போகும் விமானத்தில் நீங்கள் ஏறவே இல்லை என்று கணினி எடுத்துக்கொண்டு, திரும்பும் பயணத்தை ரத்து செய்துவிடக்கூடும். ஊர் திரும்பும் நாளில்தான் அது தெரியவரும்.

அடுத்து டிரான்சிட் விசா. என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. தோஹா வழியாகப் போக வேண்டியவரை லண்டன் வழியாக மாற்றினால், இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு லண்டனில் விமானம் மாறவே டிரான்சிட் விசா தேவை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா இருந்தால் பொதுவாக விலக்கு உண்டு. இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளிலும் விமான நிலைய டிரான்சிட் விசா வேண்டும். அமெரிக்காவில் விமானம் மாறுவதென்றால், இந்த இரு பாஸ்போர்ட்டுக்கும் விசா இல்லாமல் முடியவே முடியாது. நம் டொரன்டோ அம்மாவிடம் கனடா விசா இருக்கிறது. லண்டன் வழியாகப் போகலாம். நியூவார்க் வழியாக மாற்றினால், அமெரிக்க விசா இல்லாதவரை சென்னையிலேயே ஏற்ற மாட்டார்கள். புதிய வழித்தடத்தைக் கேட்டதும், "இந்த ஊர்ல இறங்க எனக்கு விசா இல்லை, வேற வழியா மாத்துங்க" என்று சொல்லுங்கள். விசா இல்லாத வழியை ஏற்றுக்கொண்டுவிட்டுப் பிறகு முறையிடுவது கடினம்.

வீல்சேர், சைவ உணவு, வாங்கிய சீட், கூடுதல் பெட்டி இவை எதுவும் தானாகப் புதிய ஏர்லைனுக்குப் போவதில்லை. வீல்சேரையும் உணவையும் புதிய ஏர்லைனிடம் மறுபடி சொல்ல வேண்டும். சீட்டுக்கும் கூடுதல் பெட்டிக்கும் கொடுத்த பணத்தை பழைய ஏர்லைனிடம் திரும்பக் கேட்க வேண்டும். லக்கேஜ் அளவைப் பொறுத்தவரை, நம் விருப்பமில்லாமல் மாற்றப்பட்டால் பழைய டிக்கெட்டில் இருந்த அளவே செல்லும் என்று பல ஏர்லைன்களின் பயண விதிகள் சொல்கின்றன. அதிகக் காசு கேட்டால், பழைய ஏர்லைன் கவுன்டருக்குத் திரும்பிப்போய் டிக்கெட்டில் அந்த அளவைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். வேறு வழியின்றிக் கட்டினால் ரசீதை விடாதீர்கள்.

பிசினஸ் வகுப்புக்குப் பணம் கட்டியவரை எகானமியில் உட்கார வைத்தால், இந்தியாவில் 2023 பிப்ரவரி முதல் உள்நாட்டுப் பயணத்துக்கு டிக்கெட் விலையில் 75 சதவீதம் திரும்ப வேண்டும். சர்வதேசப் பயணத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75 சதவீதம். ஐரோப்பாவிலும் இதே விகிதங்கள்தான். மேல் வகுப்பு கொடுத்தால் கூடுதல் பணம் கேட்கக் கூடாது.

பெட்டி வராவிட்டால்

முதல் விமானத்துக்காகப் பெட்டியை ஒப்படைத்த பிறகு ஏர்லைன் மாறினால், அதில் புதிய டேக் ஒட்டப்பட்டதா என்று கேளுங்கள். பழைய டேக்கோடு கிடக்கும் பெட்டி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போய் இறங்கி, பெட்டி வரவில்லை என்றால், கடைசியாக உங்களைக் கொண்டுவந்து இறக்கிய ஏர்லைனின் கவுன்டரில், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தைப் பதிவு செய்யுங்கள். "முதல் ஏர்லைனைக் கேளுங்க" என்று அவர்கள் சொன்னால் ஏற்க வேண்டாம். இந்தியாவும் சேர்ந்திருக்கும் 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, அடுத்தடுத்து பல நிறுவனங்கள் ஏற்றிச்செல்லும் பயணத்தில், லக்கேஜ் விஷயத்துக்கு முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், தவறு நடந்த கட்டத்தை இயக்கிய நிறுவனம் மூவரையும் கேட்கலாம். சேதம் என்றால் 7 நாட்களுக்குள், தாமதம் என்றால் பெட்டி கையில் கிடைத்த 21 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். இந்தக் கெடு தாண்டினால் வழக்குக்கே இடமில்லை. சர்வதேசப் பயணத் தாமதத்தால் உண்மையில் ஏற்பட்ட செலவையும் இதே உடன்படிக்கையின் கீழ் கேட்கலாம். 2024 டிசம்பர் 28 முதல் அதன் உச்சவரம்பு ஒருவருக்கு 6,303 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஒன்று ஒரு அமெரிக்க டாலரைவிட அதிக மதிப்புள்ளது. வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம்.

தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கி நீங்களே இணைத்துக்கொண்ட பயணத்துக்கு, மேலே சொன்ன பல உரிமைகள் இல்லை. சென்னை – டெல்லி ஒரு நிறுவனம், டெல்லி – லண்டன் இன்னொரு நிறுவனம், இரண்டும் தனி பி.என்.ஆர். என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டதற்கு யாரும் மாற்று விமானம் தர மாட்டார்கள். சில ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் ஒரே டிக்கெட்டாக வாங்குவதே நல்லது. வயதானவர்களைத் தனியாக அனுப்பும்போது இதில் கணக்குப் பார்க்கவே வேண்டாம்.

புகாரை முதலில் ஏர்லைனின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பழைய டிக்கெட், ரத்துச் செய்தி, புதிய போர்டிங் பாஸ், சாப்பாடு, ஓட்டல், டாக்சி ரசீதுகள் எல்லாவற்றையும் இணையுங்கள். கவுன்டரில் அவசரமாக நீட்டும் தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஐரோப்பிய ஒழுங்குமுறையின் கீழ் அப்படிப்பட்ட வரி செல்லாது, ஆனால் மற்ற இடங்களில் அதை வைத்தே வாதாடுவார்கள். டிராவல் ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் ரீஃபண்டுக்குப் பொறுப்பு ஏர்லைன்தான் என்று டி.ஜி.சி.ஏ. விதி சொல்கிறது; "ஏஜென்டைக் கேளுங்க" என்ற பதிலை ஏற்க வேண்டாம். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, ஏர்லைனின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.